எழுத்தில்லாமல் மாட்டிய படம்

பிரேம் கடைக்காரர் எந்தப் படத்துக்கும் முகம் சுளிக்காதவர். செத்துப்போன தாத்தா, பட்டம் வாங்கிய பிள்ளை, ஓடிப்போன மருமகளை மட்டும் கத்தரித்து எடுத்த குடும்பப் படம், எது வந்தாலும் அளவெடுத்து, மூலை வெட்டி, கண்ணாடி போட்டுக் கொடுத்துவிடுவார். பத்திரிகைப் படக்காரன் தொப்பிக்காரன் எடுத்த படம் என்றால் மட்டும் மேசையில் வைக்கவே விடமாட்டார்.

“இதை வேற கடையில போட்டுக்குங்க.”

“ஏங்க, கண்ணாடி தீர்ந்துபோச்சா?”

“கண்ணாடி இருக்கு. மனசு இல்ல.”

கடை நடத்துகிறவன் பேசுகிற பேச்சு இல்லைதான். ஆனால் அந்தக் கோபம் நேற்று முளைத்தது இல்லை. மீசை அரும்பிய வயதில் நெஞ்சில் விழுந்தது. இப்போது மீசையே நரைத்துவிட்டது, கோபத்தில் ஒரு மயிரும் நரைக்கவில்லை. தொப்பிக்காரன் அவருக்கு ஒன்றும் செய்துவிடவில்லை. அவருடைய அக்காவுக்குச் செய்தான். தனக்கு வந்த அடியை மனிதன் துடைத்துப் போட்டுவிடுவான். கூடப்பிறந்தவள் வாங்கிய அடி உள்ளுக்குள்ளேயே கன்றிக் கிடக்கும்.

அக்காவுக்குத் தெரு வைத்த பெயர் வாத்து. அவள் நடைப்போட்டிக்காரி. அப்படி ஒரு போட்டி இருப்பதே பலருக்குத் தெரியாது. ஓடக் கூடாது, நடக்க வேண்டும். ஆனால் அடுத்தவன் மூச்சுவாங்க ஓடுகிற வேகத்தில் நடக்க வேண்டும். ஒரு கால் தரையைத் தொட்ட பிறகுதான் மறுகால் தரையை விட வேண்டும். ஊன்றுகிற காலின் முட்டி மடங்கக் கூடாது. இந்த இரண்டையும் காப்பாற்றி வேகமும் பிடிக்க வேண்டுமென்றால் இடுப்பு இடமும் வலமும் வெட்டி வெட்டித் திரும்பித்தான் ஆக வேண்டும். காலையில் அவள் அப்படிப் போவதைப் பார்த்துவிட்டு, பால் வாங்க வந்தவர்கள், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வாயில் நுரையோடு சிரித்தார்கள்.

அப்பா கிடங்கில் காவல்காரர். “நடக்கிறதுக்கெல்லாம் பரிசுன்னா முதல்ல தபால்காரனுக்குக் கொடுக்கச் சொல்லு” என்பார்.

அம்மா, “ரோட்டுல இத்தனை மைல் நடக்கிறவளுக்கு அடுப்படிக்கு வரத்தான் கால் வலிக்குது” என்பாள்.

தம்பிதான் சைக்கிளில் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போவார். எவனாவது வாத்து மாதிரிக் கத்தினால் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கை வைத்துவிடுவார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவராமல் போனதில் இந்த அடிதடிக்குப் பெரும் பங்கு உண்டு.

“விடுடா” என்பாள் அக்கா, நடையை நிறுத்தாமலே. “சிரிக்கிறவன் நின்னுக்கிட்டுத்தானே சிரிக்கிறான். நான் போயிட்டே இருக்கேன்.”

போய்க்கொண்டே இருந்தவள் ஒருநாள் நாட்டிலேயே முதலாவதாகப் போய்ச் சேர்ந்தாள். பெரிய போட்டி. வழிநெடுக நடுவர்கள் நின்று கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பு கண்டால் சிவப்பு அட்டை எழுதுவார்கள். அக்காவுக்கு ஒரு அட்டையும் வரவில்லை. அன்று வீட்டில் அப்பா முதல்முறையாக அவள் காலைப் பார்த்துவிட்டு, “வெந்நீர் வெச்சுக் கொடு, ஊத்திக்கட்டும்” என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது.

மறுநாள் காலையில் பேப்பர் வந்தது. முதல் பக்கத்தில் அக்கா. கைகள் மடங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கால்களும் தரைக்குமேல். நிழல் தனியாகக் கீழே கிடக்கிறது. படத்துக்கு அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: ‘நடந்தாரா, பறந்தாரா?’

உலகத்தில் எந்த நடைக்காரனைப் படமெடுத்தாலும் அப்படி ஒரு கணம் அகப்படும். இமை மூடித் திறப்பதற்குள் வந்து போய்விடுகிற கணம் அது. கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால்தான் சட்டமும் கண்ணால் பார்த்ததை மட்டும் எடுத்துக்கொள், காமிராவைக் கேட்காதே என்கிறது. ஆனால் அச்சில் வந்த படத்துக்கு முன்னால் சட்டம் பேச எவனுக்குப் பொறுமை இருக்கிறது? முடிவெட்டும் கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, “கள்ளி, ஓடியிருக்கா பாரு” என்றார்கள். தடகளச் சங்கத்துக்காரர்கள் பதக்கத்தைப் பிடுங்கவில்லை, பிடுங்க வழி இல்லை. வெளிநாட்டுப் போட்டிக்கு வேறொருத்தியை அனுப்பினார்கள். வேலை தருவதாகச் சொன்ன அலுவலகம், “கொஞ்ச நாள் போகட்டும்” என்றது. கொஞ்ச நாள் போய்க்கொண்டே இருந்தது.

அந்தப் படத்தை எடுத்தவன்தான் தொப்பிக்காரன். அப்போதே அவனுக்கு அந்தப் பெயர். வெயில் இல்லாத அறைக்குள்ளும் வட்டத் தொப்பியைக் கழற்ற மாட்டான். அக்கா தம்பியைக் கூட்டிக்கொண்டு பேப்பர் ஆபீசுக்கே போனாள்.

“மத்த படங்களையும் காட்டுங்க சார். ஒரு ரோல் பிலிம் எடுத்திருப்பீங்க. எத்தனை படத்துல என் கால் தரையில இருக்குன்னு பார்க்கணும்.”

“தரையில இருக்கிற காலை யாரும்மா பார்ப்பாங்க?” என்றான் தொப்பிக்காரன். “அதுக்குப் பேப்பர்ல இடம் இல்ல.”

“அப்ப பொய்தானே போட்டிருக்கீங்க?”

“நீதானே அது? உன் கால்தானே? நான் ஒரு கேள்விதான் கேட்டேன். பதில் நான் சொல்லலியே.”

தம்பி மேசையைத் தாண்டிப் பாயப் போனார். அக்கா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, படிக்கட்டு வரைக்கும் அப்படியே கொண்டுவந்தாள்.

“விட்டிருந்தா பல்லைக் கழட்டியிருப்பேன்க்கா.”

“பல்லு போனா கட்டிக்குவான். அவன் எதால என்னை அடிச்சான்னு பார்த்தியா? காமிரா இல்லடா. கீழ எழுதின அந்த ஒரு வரி.” அவள் படியில் உட்கார்ந்து கால் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டாள். “அந்தத் தொழிலை நான் கத்துக்கணும்.”

கற்றுக்கொண்டாள். பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஸ்டூடியோவில் சேர்ந்து, “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, சிரிக்காதீங்க” என்று நாள் முழுக்கச் சொன்னாள். சம்பளம் காமிராவுக்கே போனது. பிறகு எதிர்ப் பத்திரிகை ஒன்றில், சின்னப் பத்திரிகை, விளையாட்டுப் படம் எடுக்கிற வேலை. அங்கே அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒற்றைப் படம் கொடுக்க மாட்டாள். எதை எடுத்தாலும் முன்னும் பின்னுமாக ஆறு எடுத்து, ஆறையும் வரிசையாக ஆசிரியர் மேசையில் பரப்புவாள்.

“ஒண்ணு கேட்டா ஆறு கொடுக்கிறியே, நான் பத்திரிகை நடத்தறேனா, சினிமாக் கொட்டாய் நடத்தறேனா?” என்பார் ஆசிரியர்.

“ஒண்ணைப் போட்டா ஒருத்தன் குடி கெட்டாலும் கெடும் சார். எனக்கு அனுபவம்.”

அப்போதுதான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சண்டை மூண்டது. பாலங்களை உடைத்துவிட்டார்கள். ரோடு முழுக்கக் குழி. பெரிய பத்திரிகைக்காரர்களின் கார்கள் ஆற்றங்கரையோடு நின்றுபோயின. அக்கா காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படகில் தாண்டி, அந்தக் கரையிலிருந்து நடந்தே போனாள். போய்ப் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திரும்பி வந்தாள். சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய்கள் முதலில் அவள் நடையைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம், “வாத்தக்கா, எங்க வீட்டுக்கு ஒரு கடுதாசி போட்டுடுங்க” என்று காகிதத்தைக் கையில் திணித்தார்கள்.

மாடியில் மறைந்திருந்து சுடுகிறவர்கள் இருந்த தெருக்களையும் அவள் அப்படித்தான் கடந்தாள். “ஓடுறவனைப் பார்த்ததும் சுடுவான்” என்றாள் தம்பியிடம், அவருடைய பிரேம் கடையில் மரத்தூள் மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டே. “நிக்கிறவனையும் சுடுவான். இப்படி இடுப்பை ஆட்டிக்கிட்டு ஒருத்தி போனா, இது என்ன கழுதைன்னு ஒரு நொடி யோசிப்பான். அவன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் சந்து திரும்பிடுவேன்.”

 தம்பி அம்மாவிடம், அக்கா பந்தயம் படமெடுக்கப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார். அம்மா அதை நம்பினது மாதிரி இருந்தாள்.

ராணுவம் தற்காலிகப் பாலம் போட்டதும் தொப்பிக்காரனும் வந்து சேர்ந்தான். இப்போது அவன் பெரிய ஆள். கம்பெனிக் கார், தனி டிரைவர். அக்கா அவனைத் தூரத்தில் பார்ப்பாள், பேச மாட்டாள். அவன் அவளை அடையாளம் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு அந்தக் கதவு நாள். அதை அக்கா தம்பியிடம் ஒரே ஒரு தடவைதான் முழுசாகச் சொன்னாள். அவர் அதை எப்போது நினைத்தாலும் அவள் சொன்ன வார்த்தையிலேயேதான் நினைப்பார்.

குண்டு விழுந்து பாதி வீடுகள் போன தெரு. அக்கா தெருமுனையில் திரும்புகிறாள். நடுத் தெருவில் கார் நிற்கிறது, கதவு திறந்து கிடக்கிறது. பக்கத்தில் தொப்பிக்காரன் அவளுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். அவனுக்கு எதிரே ஒரு கிழவர், வீட்டின் வாசல் கதவை நிலையோடு பெயர்த்து முதுகில் சுமந்துகொண்டு, இடிந்த வீட்டைப் பார்த்து நிற்கிறார். வெளியே வருகிற முகம் இல்லை, உள்ளே போகிற முகம். தொப்பிக்காரனின் வலது கை உயர்ந்திருக்கிறது. தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் கிழவருடைய மகள்.

அக்கா ஒரு படம் எடுத்தாள். எப்போதும் ஆறு எடுக்கிறவள், அன்றைக்கு ஒன்றோடு காமிராவை இறக்கிவிட்டாள்.

“ஏன்க்கா?”

“அவனைக் கண்ணால பார்க்கணும்போல இருந்துச்சுடா. காமிரா வழியா இல்ல, வெறுங்கண்ணால. இத்தனை வருஷம் கழிச்சு அகப்பட்டான்னு. அவன் கையைத்தான் பார்த்துட்டிருந்தேன். சுவரைப் பார்க்கல.”

கிழவர் உள்ளே போனார். சுவர் சரிந்தது. தூசி அடங்குவதற்குள் கார் கிளம்பிப் போய்விட்டது. அக்காவும் அந்த மகளும் கையாலேயே தோண்டினார்கள். கதவு கிடைத்தது. கிழவரும் கிடைத்தார், உயிர் கிடைக்கவில்லை.

மூன்று தடவை உள்ளே போய் வரச் சொன்னானாம், மகள் சொன்னாள். முதல் தடவை கதவில் வெயில் படவில்லை. இரண்டாம் தடவை முகம் குனிந்துவிட்டது. இன்னொரு தடவை, மெதுவாக வாங்க பெரியவரே என்றான். மூன்றாம் தடவை போனவர் வரவில்லை.

“எங்கப்பா பேரைக்கூட அவன் கேக்கல” என்றாள் அந்த மகள்.

இரண்டாம் தடவை எடுத்த படத்துக்குத்தான் உலகப் பரிசு கிடைத்தது. கதவைச் சுமந்து இடிபாட்டிலிருந்து வெளியே வருகிற கிழவர். அது தபால் அட்டையில் வந்தது, பாடப் புத்தகத்தில் வந்தது. அடியில், ‘பெயர் தெரியாத முதியவர்’.

அக்கா தன்னிடம் இருந்த ஒற்றைப் படத்தை ஆசிரியர் முன்னால் வைத்தாள். ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“கையைத் தூக்கியிருக்கான். ‘போ’ன்னு சொல்றானா, ‘போகாதே’ன்னு சொல்றானா?”

“போன்னுதான்.”

“உனக்குத் தெரியும். படத்துக்குத் தெரியுமா? மத்த அஞ்சு எங்க?” அவள் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “உனக்கும் அவனுக்கும் பழைய பகை இருக்குன்னு ஊருக்கே தெரியும். நடைக்காரி பழி தீர்த்துட்டான்னு சொல்லி உன்னைத்தான் முடிப்பாங்க. அந்தப் பொண்ணையும் நீ சொல்லிக்கொடுத்துப் பேச வெச்சதா சொல்லுவாங்க.”

தம்பிக்கு இது கேட்ட மாத்திரத்தில் பற்றிக்கொண்டு வந்தது. “நான் நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டறேன். கீழ ‘கொலைகாரன்’னு போடறேன். என்ன பண்ணிடுவான்?”

“ஒத்தைப் படத்தைப் போட்டு, கீழ ஒரு வரி எழுதி. அவன் எனக்குப் பண்ணினது வேற என்னடா?”

“அப்ப விட்டுடறதா?”

“விடறதா?” அவள் சிரித்தாள். “காய் பச்சையா இருக்கு. பழுக்கட்டும்.”

பழுக்க வருடங்கள் ஆயின. தொப்பிக்காரன் மேடைக்கு மேடை கதவுப் படத்தைப் பற்றிப் பேசினான். முதலில், தூரத்தில் நின்று எடுத்தேன் என்றான். அப்புறம், காரில் இருந்தபடியே எடுத்தேன் என்றான். போகப் போகக் கைதட்டு எங்கே விழுகிறது என்று கண்டுகொண்டு, “அந்தத் தெருவில் நான் காரைவிட்டு இறங்கவேயில்லை. ஜன்னல் வழியாக ஒரே ஒரு படம். அந்த மனிதரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போர்க்களத்தில் படக்காரன் ஊமையாக இருக்க வேண்டும்” என்று முடித்தான். ரேடியோவில் அதைக் கேட்கும்போதெல்லாம் தம்பி பல்லைக் கடிப்பார்.

“இன்னும் கொஞ்சம் சொல்லு ராசா” என்பாள் அக்கா ரேடியோவைப் பார்த்து. “நல்லா ஆழமா ஆணி அடி.”

இடையில் அவள் வேறு வேறு சண்டைகளுக்குப் போய் வந்தாள். ஒரு காது கேட்காமல் போயிற்று. தலை வெளுத்தது. நடை மட்டும் மாறவில்லை. எங்கிருந்து திரும்பினாலும் ஆற்றைக் கடந்துபோய்க் கதவுக்காரர் மகளைப் பார்த்துவிட்டு வருவாள். அந்த அம்மாள் இப்போது தையல் கடை வைத்திருந்தாள். பேப்பருக்குப் பேசமாட்டேன் என்றுவிட்டாள். “அவன் இங்க வந்து எங்கப்பா பேரைக் கேக்கட்டும். எனக்கு அது ஒண்ணு போதும்” என்பதுதான் அவள் பேச்சு.

போன வருடம் தொப்பிக்காரனின் மொத்தப் படங்களையும் வைத்து நகர மண்டபத்தில் பெரிய கண்காட்சி என்று செய்தி வந்தது. பிரேம் போட ஆள் தேடினார்கள். கடைக்காரர் தாமாகப் போய், மற்றவர்களைவிடக் கூலி குறைத்துச் சொல்லி, வேலையை வாங்கிக்கொண்டு வந்தார். பக்கத்துப் பூட்டுக் கடைக்காரர் வாயில் கை வைத்தார்.

“என்னய்யா, சூரியன் மேற்கே உதிச்சிருச்சா?”

“உதிக்கல. அஸ்தமிக்கப் போகுது.”

கடை நிறையத் தொப்பிக்காரன் படங்கள் சுவரில் சாய்ந்து நின்றன. கதவுப் படம் நிஜக் கதவு அளவுக்கு இருந்தது. அக்கா வந்தாள், மறுபடியும் ஏதோ ஒரு சண்டைக்குக் கிளம்புகிற கோலத்தில், தோளில் பையோடு.

“இந்த வயசுல என்னக்கா? அங்க இளவட்டமா போறானுங்க.”

“இளவட்டமெல்லாம் ஓடுறானுங்கடா. ஓடத் தெரிஞ்சவன் நிறைய இருக்கான்” என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து தன் ஒற்றைப் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். “இதையும் பிரேம் போடு. கதவுக்குப் பக்கத்துல மாட்டு.”

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. “ஆளுயரத்துக்குப் பெருசாப் போட்டுடறேன்.”

“சின்னதாப் போடு. கிட்ட வந்து குனிஞ்சு பார்க்கிற அளவு. கீழ ஒண்ணும் எழுதாதே.”

“ஒண்ணுமே எழுதாம எப்படிப் புரியும்?”

“அவன் எழுதிக்குவான்” என்றாள் அக்கா. “கையைத் தூக்கி ‘போ’ன்னு சொன்னேன்னு ஒத்துக்கிட்டான்னா கொலை. ‘போகாதே’ன்னு சொன்னேன்னா, காரைவிட்டு இறங்கவேயில்ல, பேசவேயில்லன்னு இத்தனை வருஷமா சொன்னது பொய். ரெண்டுல எதை வேணா எடுத்துக்கட்டும். நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். அன்னைக்குக் கேள்வி மட்டும்தான் கேட்டானாம் அவன். நான் அதுகூடக் கேக்கல.”

திறப்பு நாள் காலையில் கடைக்காரர் படங்களை மாட்டினார். மற்றவற்றுக்குக் கம்பி, கொக்கி. அந்தச் சின்னப் படத்துக்கு மட்டும் சட்டத்தின் நான்கு மூலையிலும் சுவருக்குள் இறங்குகிற திருகாணி, பின்னால் முழுக்க மரப்பசை. சுண்ணாம்பைப் பெயர்க்காமல் கழற்ற முடியாது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் வந்து, “இது எங்க இருந்து வந்துச்சு?” என்றாள்.

“அதே தெருதாம்மா. அதே கதவு. பக்கத்துலதானே இருக்கணும்?”

அவள் குனிந்து பார்த்துவிட்டு, “சரிதான், நல்லாத்தான் இருக்கு” என்று போய்விட்டாள்.

சாயங்காலம் கூட்டம். தொப்பிக்காரன் வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னான். காரைவிட்டு இறங்கவில்லை, ஊமையாக இருந்தேன், கைதட்டு. பிறகு எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகக் காட்டிவந்தான். கதவுக்கு முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றான். கல்லூரிப் பெண் ஒருத்தி பக்கத்துப் படத்தில் மூக்கு இடிக்கிற மாதிரிக் குனிந்திருந்தாள்.

“சார், இதுல முதுகு காட்டி நிக்கிறது நீங்கதானே? தொப்பி தெரியுதே.”

அவனும் குனிந்தான். கடைக்காரர் ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தார். அவன் தொப்பி விளிம்பு பிரேமின் கண்ணாடியில் இடித்தது.

“ஆமா. அது… அந்தப் பெரியவரைப் போகாதீங்கன்னு தடுத்தேன். சுவர் ஆடிட்டிருந்துச்சு.”

“அப்ப காரைவிட்டு இறங்கினீங்களா?”

அவன் அடுத்த படத்தின் பக்கம் கையைக் காட்டினான். 

“அவர்கிட்ட பேசினீங்களா சார்? இப்பத்தானே ஒரு வார்த்தைகூட பேசலன்னு…” அவள் வம்புக்குக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் அவனை அறுத்தது. பின்னால் இருந்தவர்களும் முண்டியடித்து வந்து ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். ஒரு பத்திரிகைக்காரன், “இந்தப் படத்துல அவர் உள்ளே போறாரே. உங்க படத்துல வெளியே வர்றார். எது முதல்ல சார்?” என்றான். யாரோ படத்தை எடுக்கச் சொன்னார்கள். மண்டபத்து ஆள் இழுத்துப் பார்த்தான். பிரேம் அசையவில்லை.

தொப்பிக்காரன் சுற்றும் முற்றும் பார்த்தான். “இதை யாரு மாட்டினது?”

“நான்தான்” என்றார் கடைக்காரர் தூணை விட்டு நகராமல். “வாத்தோட தம்பி.”

அன்று முதல்முறையாக அந்தத் தொப்பி தலையிலிருந்து இறங்கியதைப் பார்த்தார். உள்ளே வழுக்கை, வியர்வை. சாதாரணக் கிழட்டுத் தலை.

அடுத்த நாள் அக்காவின் போன் வந்தது. எங்கேயோ மின்சாரம் இல்லாத ஊரிலிருந்து, இரைச்சலுக்கு நடுவில். கேட்கிற காதில் வைத்துக்கொண்டு கத்தினாள்.

“எதை எடுத்துக்கிட்டான்?”

“போகாதேன்னு தடுத்தேன்னான்.”

மறுமுனையில் சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன. “அதைத்தான் எடுப்பான்னு நினைச்சேன். முகம் எப்படி இருந்துச்சு?”

“மழையில ஊறின சுவர் மாதிரி.”

“ம். அவன் கடைக்கு வருவான்டா.”

“வரட்டும். உளி தீட்டி வெச்சிருக்கேன்.”

“உளியைக் கீழ வெச்சுட்டுக் கேளு. என்னோட அந்த நடைப் படத்துக்கு மன்னிப்பு கேப்பான். அவனுக்கு அதுதான் சுலபம். கால் தரையில இருந்துச்சா இல்லையாங்கிறதோட முடிஞ்சுடும். வாங்கிக்காதே. உட்காரச் சொல்லாதே, தண்ணி கொடுக்காதே. ஆத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போ. அந்தம்மா வாசல்ல கொண்டுபோய் நிறுத்து. ‘உங்கப்பா பேரு என்ன’ன்னு அவன் வாயால கேக்கணும். கேக்கிற வரைக்கும் நீ அங்கிருந்து நகராதே.”

“கேட்டுட்டா அந்தம்மா மன்னிச்சுடுவாங்களாக்கா?”

“மன்னிக்கிறதுக்கா கூட்டிட்டுப் போகச் சொல்றேன்?” என்றாள் அக்கா.

அதற்கப்புறம் அவள் குரலை அவர் கேட்கவில்லை. அந்த வாரமே அவள் ஏறிப் போன ராணுவ வண்டி கண்ணிவெடியில் மாட்டிக்கொண்டது. வாழ்நாளெல்லாம் நடந்தவள், களைப்பாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் வண்டியில் ஏறினாளாம். கூடப் போன பத்திரிகைக்காரன் போனில் சொன்னான்.

தொப்பிக்காரன் வந்தான், அவள் சொன்ன மாதிரியே. தலையில் தொப்பி இல்லை. காலைக் கடை திறந்து தூள் பெருக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்றான். “கேள்விப்பட்டேன்” என்றான். கடைக்காரர் விளக்குமாற்றை நிறுத்தவில்லை.

“நல்ல படக்காரி உங்க அக்கா. அந்த நடைப் படம்… அன்னைக்கு எடுத்த ரோல்ல மத்ததெல்லாம் கால் தரையிலதான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். தப்புதான்பா. அவங்ககிட்ட கேக்க முடியாம போச்சு. உன்கிட்டயாவது மன்னிப்பு கேக்கணும்னு வந்தேன்.”

எத்தனை வருடம் இந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். அக்கா இருந்திருந்தால் அவள் முன்னால் நிறுத்தி மறுபடி சொல்லச் சொல்லியிருப்பார், தெருவைக் கூட்டியிருப்பார்.  சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழைய கணக்கு முடிந்துவிடும். அவனும் அதற்காகத்தான் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியை அவிழ்த்துப் போட்டார். ஷட்டரை இழுத்து இறக்கிப் பூட்டினார்.

“அது எனக்கு வேண்டாம். நடங்க.”

“எங்க?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம். ஒருத்தர் பேரைக் கேக்கணும்.”

அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு அடி பின்னால் வைத்தான். “இன்னொரு நாள் வர்றேனே. உடம்பு சரியில்ல. கார்ல போகலாம், டிரைவரை வரச் சொல்லி…”

“இன்னைக்கே. பஸ்ல.”

மணிக்கட்டைப் பிடித்தார். இத்தனை வருடம் மரத்தை அறுத்த பிடி, பசை காய்ந்த விரல்கள். பூட்டுக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பஸ் நிலையம் வரைக்கும் அந்தப் பிடியை விடவில்லை. பஸ்ஸில் தொப்பிக்காரனை ஜன்னல் ஓரம் தள்ளி உட்கார வைத்தார். தாம் வெளிப்பக்கம் உட்கார்ந்து, எதிர் இருக்கையில் முட்டியை நன்றாக முட்டுக்கொடுத்து வழியை அடைத்துக்கொண்டு, கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் கேட்டார்.